.22 ரைபிளுக்கு எந்த லாட் தோட்டா சரி? 50 மீட்டரில் சோதிப்பது எப்படி

பிரோன்_பயிற்சி:
வணக்கம். ரைபிள் ஆன்ஷூட்ஸ் 1913, சுடுவது 50 மீட்டர் பிரோன் (படுத்துச் சுடுவது). கிளப்பில் லாபுவா சென்டர்-எக்ஸ் தோட்டா இரண்டு லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி), ஈலி மேட்ச் ஒன்று, ஆர்டபிள்யூஎஸ் ஆர்50 ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 5 குண்டு போட்டதில் குரூப் (ஓட்டைகள் பரவிய அகலம்) ஈலி 9 மி.மீ., சென்டர்-எக்ஸ் ஒரு லாட் 13 மி.மீ. மறுபடி சுட்டால் அப்படியே தலைகீழ். எதை நம்பி ஒரு சீசனுக்கு மொத்தமாக வாங்குவது? லாபுவாவின் விலை கூடிய மிடாஸ் பிளஸ் தோட்டாவுக்குப் போய்விட்டால் இந்தக் குழப்பமே இருக்காதா?

பத்து_புள்ளி_ஒன்பது:
5 குண்டு குரூப்பை வைத்துத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. ஒரே பெட்டியிலிருந்து அடுத்தடுத்துப் போட்டாலும் ஒன்று 7 வரும், ஒன்று 14 வரும். உங்கள் 9க்கும் 13க்கும் உள்ள வித்தியாசம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

விலை விஷயம். லாபுவாவின் எக்ஸ்-ஆக்ட், மிடாஸ் பிளஸ், சென்டர்-எக்ஸ் மூன்றும் ஒரே மாதிரி தயாராகி, தொழிற்சாலைச் சோதனையின் முடிவை வைத்துத் தரம் பிரிக்கப்படுகின்றன. ஆனால் அந்தச் சோதனை அவர்களுடைய பேரலில் (குழலில்) நடந்தது. உங்கள் சேம்பரின் (தோட்டா உட்காரும் அறை) அளவு, ரைஃப்ளிங் (குண்டைச் சுழற்றும் உள்வரிப் பள்ளம்) தொடங்கும் இடம், பேரல் வாயின் நிலை, ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) தோட்டா விளிம்பில் பதியும் ஆழம் எல்லாம் வேறு. விலை கூடினால் மோசமான லாட் மாட்டும் வாய்ப்பு குறையும், அவ்வளவுதான். உங்கள் பேரலுக்குப் பொருந்திய சென்டர்-எக்ஸ் லாட், பொருந்தாத மிடாஸை அடித்துவிடும்.

செய்யவேண்டியது: ஒவ்வொரு லாட்டிலும் 50 தோட்டா உள்ள ஒரு பெட்டி. முதல் 10 குண்டு கணக்கில் இல்லை. குண்டில் பூசிய மெழுகு பிராண்டுக்குப் பிராண்டு வேறு. பழைய மெழுகு போய்ப் புதியது படியும்வரை குண்டு அலையும். மீதி 40ஐ பத்துப் பத்தாக நான்கு டார்கெட்டில் சுடுங்கள். இடையில் சைட்டை (குறிபார்க்கும் கருவி) மாற்றவேண்டாம். பிறகு நான்கையும் குறிவைத்த புள்ளி ஒன்றன்மேல் ஒன்று வருமாறு அடுக்கி 40 குண்டையும் ஒரே படமாகப் பாருங்கள். ஒதுங்கி விழுந்த குண்டு ஒன்றைக்கூட "அது என் தப்பு" என்று நீக்காதீர்கள். அந்தக் குண்டைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனையே.

அளவுகோல் இதுதான். 50 மீட்டர் டார்கெட்டில் குண்டின் மையம் நடுப்புள்ளியிலிருந்து 8 மி.மீ. தள்ளி இருந்தால் மதிப்பெண் 10.0. அதிலிருந்து ஒவ்வொரு 0.8 மி.மீ. உள்ளே வந்தால் 0.1 கூடும், வெளியே போனால் 0.1 குறையும். 40 குண்டும் 16 மி.மீ. வட்டத்துக்குள் (மையத்துக்கு மையம்) நின்றால், சைட் சரியாக இருக்கும்வரை ஒன்றுகூட தோட்டாவால் ஒன்பதுக்குப் போகாது. அதைத் தேடுங்கள்.

கிளீனிங்_ராட்:
மேலே சொன்னது சரி, ஆனால் ரைபிளைத் தயார் செய்யாமல் ஆரம்பித்தால் தோட்டாவும் வீண், நேரமும் வீண்.

சேம்பருக்கு முன்னால் கரி வளையம் கட்டியிருந்தால் எந்த லாட்டும் மோசமாகத்தான் தெரியும். போல்ட்டை (தோட்டா ஏற்றும் பூட்டு) கழற்றி, கைடு (ராட் நேராகப் போக உதவும் குழாய்) போட்டுப் பின்பக்கமிருந்தே சுத்தம் செய்யுங்கள். வாய்ப்பக்கமிருந்து ராட் விட்டால் கிரவுன் (பேரல் வாயின் விளிம்பு) தேயும். ஸ்டாக்கை (ரைபிளின் கட்டை) பிடிக்கும் திருகுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, அதை எழுதி வையுங்கள். இரண்டு சோதனைகளுக்கு நடுவே இந்த இறுக்கம் மாறினால் நீங்கள் ஒப்பிடுவது தோட்டாவை அல்ல.

மணல்பை மேல் வைத்துச் சுடும்போது முன்கட்டையில் உள்ள ஹேண்ட் ஸ்டாப்பை (கை வழுக்காமல் தடுக்கும் முட்டு) கழற்றிவிடுங்கள். அது பையில் முட்டினால் ஒவ்வொரு குண்டுக்கும் ரைபிள் வேறு மாதிரி உதைக்கும்.

வெயில் காலத்தில் இன்னொன்று. சேம்பர் சூடாக இருக்கும்போது தோட்டாவை உள்ளே தள்ளிவிட்டுக் காற்றுக்காகக் காத்திருந்தால் மெழுகு இளகி, வெடிமருந்தும் சூடாகும். அந்தக் குண்டு தனியாகப் போய் விழும். காற்று சரியான பிறகே தோட்டாவை ஏற்றுங்கள். பெட்டியை நிழலில் வையுங்கள், பூட்டிய காரில் அல்ல.

பிரோன்_பயிற்சி:
ரொம்ப நன்றி. குரூப் சில சமயம் வட்டமாக இல்லாமல் மேலும் கீழுமாக நீள்கிறது. அது தோட்டாவா, ரைபிளா?

பத்து_புள்ளி_ஒன்பது:
பெரும்பாலும் வேகம். இந்த வகைத் தோட்டா வாயிலிருந்து நொடிக்குச் சுமார் 327 மீட்டரில் கிளம்பி, 50 மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ 12 செ.மீ. இறங்குகிறது. வேகம் ஒரு சதவீதம், அதாவது 3 மீட்டர் சொச்சம் குறைந்தால் குண்டு இன்னும் 2.4 மி.மீ. கீழே விழும். லாட்டுக்குள் வேகம் 10 மீட்டர் ஆடினால் 7 மி.மீ. நீளம் அதிலேயே போய்விட்டது. குரோனோகிராஃப் (வேகம் அளக்கும் கருவி) கிடைத்தால் கூடவே வையுங்கள். வேகம் சீராக இருந்தும் குரூப் நீண்டால் ஃபயரிங் பின் ஸ்பிரிங்கைப் பாருங்கள், அல்லது பைமேல் ரைபிள் உட்காரும் இடத்தை. பக்கவாட்டில் நீண்டால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். முடிந்தால் விடிந்ததும் கொடி தொங்கும் நேரத்தில் சுடுங்கள்.

அளப்பதற்குக் காகித டார்கெட்டே நல்லது. பின்னால் தடித்த அட்டை இருந்தால் ஓட்டை கிழியாது. வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து 5.6 மி.மீ. கழித்தால் மையத்துக்கு மையம் கிடைக்கும்.

கிளீனிங்_ராட்:
வாங்குவதற்கு முன் முதல் இரண்டு இடத்தில் வந்த லாட்டுகளையும் இன்னொரு நாள், வரிசையை மாற்றி, மறுபடி 40 குண்டு சுடுங்கள். பலவற்றில் முதலாக வந்தது கொஞ்சம் அதிர்ஷ்டத்தாலும் வந்திருக்கும், இரண்டாம் தடவை குரூப் சற்றுப் பெரிதாவது வழக்கம். பெரிதானாலும் முந்தி நின்றால் அதுதான் உங்கள் லாட்.

ஜெர்மனியில் ஷோனெபெக்கில் உள்ள லாபுவா மையத்திலோ பர்மிங்காமில் ஈலியிடமோ ரைபிளைக் கொண்டுபோய்ச் சோதிப்பவர்களும் உண்டு. அங்கே ஸ்டாக் இல்லாமல் ஆக்ஷனை (பேரல் பொருந்தும் இயக்கப் பகுதி) கிளாம்பில் இறுக்கிச் சுடுவார்கள். பேரல் அதிர்வது அப்போது வேறு மாதிரி இருக்கும் என்பதால், அந்த முடிவையும் ஊருக்கு வந்து ஸ்டாக்கில் மாட்டி ஒருமுறை சரிபார்க்கவேண்டும்.

முடிவானதும் பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணை எழுதிக்கொண்டு, லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு உடனே வாங்கிவிடுங்கள். தீர்ந்துபோன லாட் திரும்ப வராது.