பேர்ன், வேன்: பெய்ஸ்லியில் குழந்தையை எப்படிச் சொல்வது?

தேன்மொழி:
ஸ்காட்லாந்தின் கிழக்கிலுள்ள டண்டியில் மழலையர் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே குழந்தையை எல்லோரும் "பேர்ன்" என்பார்கள். இப்போது மேற்கே, கிளாஸ்கோவை ஒட்டிய பெய்ஸ்லிக்கு வந்திருக்கிறேன். மாலையில் அழைத்துப்போக வரும் பாட்டிமார் "என் வேன் சாப்பிட்டாளா?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகளிடம் அவர்கள் வீட்டுச் சொல்லிலேயே பேச வேண்டும் என்பது என் ஆசை. இங்கே "பேர்ன்" என்றால் அந்நியமாகத் தோன்றுமா? பொருளில் வேறுபாடு உண்டா?

கிளைட் கரையான்:
பொருள் ஒன்றுதான், தேன்மொழி. கிளாஸ்கோ, அயர்ஷயர் பக்கம் "வேன்". கிழக்கிலும் வடக்கிலும் "பேர்ன்". சிறிய என்னும் "வீ"யும் ஒன்று என்னும் "ஏன்"னும் ஒட்டிப் பிறந்த சொல் "வேன்". அப்படியும் "வீ வேன்" என்று இன்னொரு "வீ" சேர்த்துக் கொஞ்சுவார்கள். கேட்கவே இனிமையாக இருக்கும்! அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்களின் பேச்சுவழியே டெர்ரி, டொனிகால் வரை இது புழங்குகிறது.

ஆனாலும் கோடு போட்டுப் பிரித்துவிடாதீர்கள். கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் இடையிலுள்ள ஃபால்கர்க் ஊர்க்காரர்களுக்கே "பேர்ன்ஸ்" என்று பெயர். அவர்களுடைய கால்பந்து அணிக்கும் அதே பட்டம். எல்லோரும் ஒருதாய் மக்கள் என்பதற்கு "ஜாக் டாம்சனின் பேர்ன்ஸ்" என்பார்கள். அந்தப் பழமொழியில் கிளாஸ்கோக்காரர்களும் "பேர்ன்ஸ்" என்றே சொல்வார்கள். ஆகவே உங்கள் சொல் யாருக்கும் புரியாமல் போகாது.

பெற்றோருக்குக் குறிப்பு எழுதும்போது மட்டும் கவனம் தேவை. பால்குடி மறக்கச் செய்வதற்கான ஆங்கிலச் சொல்லுக்கும் "வேன்" எழுதும் அதே எழுத்துகள்தான் (wean), உச்சரிப்பு "வீன்". காப்பகத்தில் இது வீண் குழப்பம் தரும்.

வடகிழக்குக் காற்று:
அபர்டீன்ஷயரை விட்டுவிட்டீர்களே! எங்கள் வட்டாரப் பேச்சான டோரிக்கில் "பேர்ன்" உண்டு. ஆனால் பையன் என்றால் "லூன்", பெண் என்றால் "குவைன்". வளர்ந்து ஆளான பிறகும் அந்த அழைப்பு தொடரும். ஷெட்லாந்து, ஆர்க்னி தீவுகளிலும் பேர்ன்தான். "சிறிய" என்பதற்குத்தான் ஷெட்லாந்தில் "பியரி", ஆர்க்னியில் "பீடி". எல்லை தாண்டி இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்திலும் "பேர்ன்" கேட்கலாம். பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல் இது. நார்வே, டென்மார்க், ஸ்வீடனில் இன்றும் குழந்தைக்கு "பார்ன்" என்றே பெயர்.

தேன்மொழி:
இருவருக்கும் நன்றி. பிள்ளைகளிடம் "வேன்" என்றே பேசுகிறேன். எனக்குள் "பேர்ன்" இருக்கட்டும். பெரியவர்களையும் குவைன் என்பார்கள் என்றால், பிள்ளைகளின் அம்மாக்களை அப்படி அழைக்கலாமா?

வடகிழக்குக் காற்று:
அபர்டீனில் நெருங்கிப் பழகியவர்களை அழைக்கலாம். பெய்ஸ்லியில் வேண்டாம், அங்கே அது வழக்குச் சொல் இல்லை.