மறு: ஷார்ட்டனிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்,

இழை எங்கெங்கோ போய்விட்டது, அக்கா கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. ஸ்னிக்கர்டூடில் என்கிற அமெரிக்கக் குக்கி, பட்டைத்தூளும் சர்க்கரையும் கலந்து அதில் உருட்டிச் சுடுவது, அதன் செய்முறையில் "ஷார்ட்டனிங்குக்குப் பதிலாக வெண்ணெய் போட்டால்" என்று ஒரு பத்தி வருகிறது. கேக், பிஸ்கட் மாவில் சேர்க்கிற கெட்டிக் கொழுப்புதான் ஷார்ட்டனிங், அதைத் தமிழில் எப்படி எழுதுவது? இதுவரை வந்த சொற்களை அந்தப் பத்திக்குள் வைத்துப் பார்த்தேன்.

> குறுக்கி. மூலச்சொல்லுக்கு நேரானது.

நேரானது என்பதுதான் அதில் கோளாறு. அங்கே "ஷார்ட்" என்பது நீளத்தைச் சொல்லவில்லை, கடித்ததும் பொலபொலவென்று உதிர்கிற பக்குவத்தைச் சொல்கிறது. மைதாவில் ஈரம் பட்டதும் குளூட்டன் என்கிற புரதம் வலை பின்ன ஆரம்பிக்கும், மாவுத் துகள்மேல் முதலிலேயே கொழுப்பு பூசிக்கொண்டால் தண்ணீர் சரியாக ஏறாது, வலையும் நீளாது. பாதுஷாவுக்குத் தண்ணீர் விடும் முன் மைதாவில் டால்டா போட்டுப் பிசிறுவதும் இதற்காகத்தான். "குறுக்கி" என்று போட்டால் குக்கியின் அளவைக் குறைக்கிற ஏதோ மாத்திரை மாதிரி இருக்கிறது.

> மாவிளக்கி என்றால் செய்யும் வேலை விளங்கும்.

மாவை இளக்குவது, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்தில் பார்த்ததும் மாரியம்மன் கோயில் மாவிளக்குதான் கண்முன் வருகிறது. "ஒரு கப் மாவிளக்கி" என்று படிப்பவர் திரியைத் தேடுவார்.

> பிசிறுநெய்

இது எனக்கு ரொம்பப் பிடித்தது, சமையலறையில் புழங்குகிற சொல். ஆனால் ஸ்னிக்கர்டூடிலில் யாரும் எதையும் பிசிறுவதில்லை! கொழுப்பையும் சர்க்கரையையும் வெளுத்துப் பொங்குகிறவரை அடித்து, முட்டையைச் சேர்த்து, அப்புறம்தான் மாவு. செய்முறை ஒன்று சொல்ல, பொருளின் பெயர் இன்னொன்று சொன்னால் புதிதாகச் செய்பவர் குழம்பிப்போவார்.

> வனஸ்பதி என்றே எழுதுங்கள். டால்டா தெரியாத வீடு உண்டா?

இல்லைதான், 1937 முதல் விற்கிறதே. ஆனால் வனஸ்பதி நெய்க்கு மாற்றாக வந்த சரக்கு. அதனால் நெய்யைப் போல மணல் மணலாக இருக்கும்படி செய்கிறார்கள். ஷார்ட்டனிங் வழவழவென்று இருக்கும், அடித்தால் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும், குக்கிக்கு அந்தக் காற்று வேண்டும். இந்திய உணவு விதிகளிலேயே வனஸ்பதி ஒரு பொருள், பேக்கரி ஷார்ட்டனிங் வேறு பொருள். வீட்டில் டால்டாவை வைத்துச் சமாளிக்கலாம், அதற்காகக் கலைச்சொல்லையும் சமாளிப்பாக வைக்க வேண்டாம்.

"ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு" என்று முன்மொழிந்த ஐயாவுக்கு: துல்லியமாகத் தோன்றுகிறது, ஆனால் காலம் அதைப் பொய்யாக்கிவிட்டது. 1911இல் பருத்திக்கொட்டை எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய கிரிஸ்கோ என்கிற ஷார்ட்டனிங் வந்தது, அதற்கு முன்பு அமெரிக்க அடுக்களையில் ஷார்ட்டனிங் என்றால் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு. பிறகு இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு பிரச்சினையாகப் பெரிதாகி, அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்களைப் பாதுகாப்பானவை என்று இனி கருத முடியாது என 2015இல் அமெரிக்க அரசு தீர்மானித்தது. இந்தியாவிலும் 2022 தொடக்கத்திலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இப்போது பாமாயிலை வைத்தும் செய்கிறார்கள். சேர்மானம் மாறிக்கொண்டே இருக்கிறது, வேலை மட்டும் அதேதான். பெயர் வேலையிலிருந்து வரட்டும்.

என் பரிந்துரை: உதிர்நெய். இது பொருளுக்கு, கடித்ததும் உதிர்கிற அந்தப் பக்குவத்துக்கு உதிர்ப்பு. நெய் என்றால் பசுநெய் என்று நினைப்பார்களே என்று யாராவது கேட்பீர்கள், எண்ணெயிலும் வெண்ணெயிலும் இருப்பதும் அதே நெய்தானே. வினைத்தொகை என்றால் நெய்யே உதிர்வதாக ஆகாதா என்று இலக்கணம் பேசினால், குடிநீர் எதையும் குடிப்பதில்லை, நாம்தான் குடிக்கிறோம்.

இரண்டு சொல்லும் தேவை. ஏனென்றால் பொதுவாகப் பார்த்தால் வெண்ணெயும் ஷார்ட்டனிங் வேலைதான் செய்கிறது, ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் போட்டால் "ஷார்ட்டனிங்குக்குப் பதில் வெண்ணெய்" என்பதற்கு அர்த்தமே இருக்காது. பத்தியில் வைத்துப் பாருங்கள்:

"ஒரு கப் உதிர்நெய் சுமார் 190 கிராம், முழுக்கக் கொழுப்பு. ஒரு கப் வெண்ணெய் 227 கிராம், ஆனால் கொழுப்பு அதில் 80 சதவீதம், ஏறக்குறைய 182 கிராம். கொழுப்பில் பெரிய வித்தியாசமில்லை. கூடுதலாக வருவது 35 கிராமுக்கு மேல் தண்ணீர். அது குளூட்டனை வளர்க்கும், உதிர்ப்பு குறையும். வெண்ணெய் 32–35 டிகிரியிலேயே உருகிவிடும், உதிர்நெய் 45 டிகிரியை ஒட்டித்தான் உருகும். ஆகவே வெண்ணெய் போட்ட உருண்டை, மாவு இறுகுவதற்கு முன்பே தட்டில் பரவித் தட்டையாகிவிடும், ஓரம் சீக்கிரம் சிவக்கும். உருட்டியதை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 200 டிகிரியில் 8–10 நிமிடம் சுடவும். நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடலாம்."

எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ருசியில் வெண்ணெய்தான் என் கட்சி, அது வேறு விஷயம். சென்னை வெயிலில் வெளியே வைத்த வெண்ணெய் அடிக்கும்போதே எண்ணெயாகிவிடும், கொஞ்சம் சில்லென்று இருக்கும்போதே அடிக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அக்கா.

ஸ்னிக்கர்டூடிலில் போடுகிற புளிப்புத் தூளான கிரீம் ஆஃப் டார்டாரை இந்த இழையில் இழுக்க வேண்டாம். வைன் பீப்பாயில் படிகிற உப்புக்கு "புளியுப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார், புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது என்ற அளவில் சரி, ஆனால் கடையில் போய்க் கேட்டால் என்ன கொடுப்பார்களோ.

---

> என் பரிந்துரை: உதிர்நெய்

எனக்குச் சம்மதம். ஒரு திருத்தம் மட்டும். இலங்கையில் எங்கள் பக்கம் கேக், பிஸ்கட் எல்லாம் பெரும்பாலும் வெண்ணெய்க்கு மாற்றான மாஜரீனில்தான், அதைத்தான் உதிர்நெய் என்று விளங்கிக்கொள்வார்கள். மாஜரீனிலும் வெண்ணெய் போலத் தண்ணீர் உண்டு என்பதை வரைவிலக்கணத்திலேயே எழுதிவிடுங்கோ. அப்புறம் பட்டை என்று வரும் இடத்தில் கறுவா என்றும் போடவேண்டும், தமிழ்நாட்டுக் கடையில் பட்டை என்று தருவது அநேகமாகத் தடித்த காசியாப் பட்டை, எங்கள் கறுவா மெல்லிய சுருள், வாசனையும் வேறு.