90 நாள் நோட்டீஸ், 45 நாளில் புது வேலை: பணம் கட்டிவிட்டுப் போகலாமா?

ஓஎம்ஆர்வாசி:
சென்னையில் ஐடி கம்பெனி, ஆறு வருஷ சர்வீஸ். நோட்டீஸ் 90 நாள். புது இடத்தில் 45 நாளுக்குள் சேரச் சொல்கிறார்கள். ஒருநாள்கூடக் குறைக்க முடியாது, மீறிப் போனால் ரிலீவிங் லெட்டர் கிடையாது, கேஸ் போடுவோம் என்கிறார் மேனேஜர். மொத்தச் சம்பளம் 90,000, பேசிக் 36,000. மீதி 45 நாளுக்கு எவ்வளவு கேட்பார்கள்? கிராஜுவிட்டியில் கை வைப்பார்களா?

சட்டப்புள்ளி:
அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் பத்தியை வரிவிடாமல் படியுங்கள். 90 நாள் என்பது சட்டம் வைத்த கெடு அல்ல, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வைத்தது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41-இல் வரும் ஒரு மாத நோட்டீஸை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம். அது, ஆறு மாதமாவது வேலை பார்த்தவரை முதலாளி நீக்கும்போது தர வேண்டியது.

"நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்" என்று மட்டும் இருந்தால் பணம் கட்டிவிட்டுப் போவது உங்கள் இஷ்டம். "நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டு" என்ற வால் ஒட்டியிருந்தால் அவர்கள் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டாலும் பிடித்துவைத்து வேலை வாங்க முடியாது. ஆள் சார்ந்த வேலை ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் 1963, பிரிவு 14-இன்படி கோர்ட் உத்தரவிடாது. கேட்கக்கூடியது பணம்தான். அதுவும் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி, எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு.

"பாண்டெல்லாம் செல்லாது" என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள். அதை நம்பாதீர்கள். மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற விஜயா வங்கி நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்புச் சொன்னது. பயிற்சி பாண்ட் ஏதாவது இருந்தால் தனியாகப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
பேசிக்கா, மொத்தச் சம்பளமா என்பதில்தான் சண்டையே வரும். 45 நாளுக்கு, மாதம் 30 நாள் என்று வைத்தால்:

பேசிக்கில்: 36,000 ÷ 30 × 45 = 54,000
மொத்தத்தில்: 90,000 ÷ 30 × 45 = 1,35,000

ஆர்டரில் 'சம்பளம்' என்று மொட்டையாக இருந்தால் எச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மீதமுள்ள ஈட்டிய விடுப்பை இதில் கழிப்பது கம்பெனி பாலிசியைப் பொறுத்தது. ஜிஎஸ்டி சேர்த்து பில் வந்தால் மறுக்கலாம். நோட்டீஸ் பிடித்தத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையே சொல்கிறது. புதுக் கம்பெனி அந்தப் பணத்தைத் திருப்பித் தந்தால் அது உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும், அதனால் பேரம் பேசும்போதே வரியையும் சேர்த்துக் கேளுங்கள்.

கிராஜுவிட்டியில் நோட்டீஸ் பணத்தைக் கழிக்க முடியாது. ஐந்து வருஷம் தாண்டிவிட்டீர்கள், 30 நாளில் தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ராஜினாமா செய்தவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளில் தீர்க்க வேண்டும். "45 நாளில் செட்டில்மென்ட்" என்ற பழைய பல்லவியைச் சிலர் இன்னும் பாடுவார்கள்.

ஓஎம்ஆர்வாசி:
பார்த்தேன். அந்த வால் இருக்கிறது.

கோப்புக்காரர்:
அப்படியானால் கேஸைவிட ரிலீவிங் லெட்டர்தான் உங்கள் பிரச்சினை. புது இடத்தில் பின்னணி சரிபார்ப்பு அதில்தான் முட்டும். ஆர்டரில் சொன்ன முறையில், போர்ட்டல் என்றால் போர்ட்டலிலும் மெயிலிலும், இன்றே ராஜினாமா கொடுங்கள்; அன்றிலிருந்துதான் நாள் எண்ணப்படும். கடைசி வேலை நாளைத் தேதியோடு எழுதி, பைஅவுட் (மீதி நாளுக்குப் பணம் கட்டி விலகுவது) கேட்டு, வாரவாரியாக வேலை ஒப்படைப்புத் திட்டத்தையும் இணையுங்கள். மேனேஜர் இளகுவது பெரும்பாலும் அந்தத் திட்டத்தைப் பார்த்துத்தான். ராஜினாமா மெயிலின் நகல் சொந்த மெயிலுக்குப் போகட்டும், கிளையன்ட் கோப்பு எதையும் தொடாதீர்கள். லேப்டாப் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

இன்னொரு பக்கம் புதுக் கம்பெனியிடம் இரண்டு மூன்று வாரம் தள்ளிக் கேளுங்கள். 60 நாளில் சேர முடிந்தால் பைஅவுட் 30 நாளாகக் குறையும்.

எக்காரணம் கொண்டும் பழைய இடத்தில் பெயர் இருக்கும்போது புது இடத்தில் சேராதீர்கள். பிஎஃப் சர்வீஸ் வரலாற்றில் இரண்டு வேலைத் தேதியும் ஒன்றன்மேல் ஒன்று விழும், பிறகு டிரான்ஸ்ஃபரும் சிக்கும். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் இழுத்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து பிஎஃப் போர்ட்டலில் நீங்களே ஆதார் ஓடிபி போட்டுப் பதியலாம். போட்ட தேதியைத் திருத்துவது பெரும்பாடு, சரிபார்த்துப் போடுங்கள்.