சாமிக்கும் பள்ளிக்கூடமா? 'பள்ளி' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

உப்புவெளி அம்மா:
மகள் தரம் 4 படிக்கிறாள். நேற்றிரவு கோயிலில் கடைசிப் பூசை முடிந்து சுவாமியைப் பள்ளியறைக்குக் கொண்டுபோகும்போது, "சாமிக்கும் இரவில் பள்ளிக்கூடமா அம்மா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரிப்பு, நானும்தான். வீட்டுக்கு வந்து யோசித்தால் எனக்கும் பதில் தெரியவில்லை. படுக்கிற இடத்துக்கும் படிக்கிற இடத்துக்கும் எப்படி ஒரே சொல்?

மூதூரான்:
எங்கள் பாடு இதைவிட மோசம். பள்ளி என்றால் எங்களுக்குப் பள்ளிவாசல்தான், பிள்ளைகள் படிக்கப் போவது ஸ்கூலுக்கு. பள்ளிக்குப் போகிறேன் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போய் அடி வாங்கியது தனிக்கதை.

பழைய வாத்தி:
மகள் கேட்டது சரியான கேள்வி. பள்ளி என்றால் முதலில் படுக்கை, தங்குமிடம். பள்ளிகொண்ட பெருமாள், திருப்பள்ளியெழுச்சி எல்லாம் அந்தப் பொருள்தான். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடங்களுக்கும் அதே பெயர். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலைக்குகையில் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கை இருக்கிறது, அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டில் 'பளிஇய்' என்றே இந்தச் சொல் வருகிறது, இரண்டாயிரம் வருசத்துக்கு மேற்பட்ட எழுத்து! துறவிகள் தங்கிய இடத்திலேயே பாடமும் சொல்லிக்கொடுத்ததால் படிக்கிற இடத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள், எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. கூடம் என்பது மண்டபம், அவ்வளவுதான்.

குளக்கட்டு:
மதுரை வரைக்கும் ஏன் போக வேண்டும்? நம்முடைய திருகோணமலைப் பெரியகுளத்தில் இருக்கிற வெல்கம் விகாரை என்ற பழைய பௌத்த விகாரைக்கு, அதுதான் நாதனார் கோயில் என்று சொல்வார்களே, 11ஆம் நூற்றாண்டில் ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்திருக்கின்றன, விளக்கெரிக்கவும் பசுக்களாகவும் தமிழர்கள் ஒரு பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த கொடை. நான் பார்த்தபோது செங்கல் கட்டடத்தின் அடிப்பாகமும் தூண்களும்தான் நின்றன, நல்ல வெயில்.

மூதூரான்:
அப்போ சாமி, புத்த பிக்கு, தொழுகை, பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே சொல்தானா! ஆனால் பள்ளிக்கூட போர்டில் மட்டும் அதை எழுத மாட்டார்கள், ஒன்றில் வித்தியாலயம், பாடசாலை, இல்லாவிட்டால் கல்லூரி. முதலாம் வகுப்புப் பிள்ளையும் கல்லூரியில் படிக்கிறது என்றால் தமிழ்நாட்டுக்காரர் நம்புவதில்லை.

உப்புவெளி அம்மா:
நன்றி. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், இப்போது அந்தப் பெரும்பள்ளியைப் பார்த்தே ஆகவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டோவில் போவதென்றால் கன்னியாப் பக்கத்தால் போவதா, நிலாவெளி வீதியாலா, எது லேசு?