சர்க்கரைப் பானமும் நம் பிள்ளைகளும்: நீங்கள் யாரிடம் பேசினீர்கள், என்ன நடந்தது?

உட்லண்ட்ஸ் அம்மா:
பிள்ளைகளின் உடல்நலத்துக்காக அமைச்சிடமோ, நாடாளுமன்ற உறுப்பினரிடமோ, பக்கத்துக் கடைக்காரரிடமோ பேசிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

2018 டிசம்பரில் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு, டின்னிலும் பாட்டிலிலும் வரும் இனிப்புப் பானங்களைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நான்கு யோசனைகள் இருந்தன: முன்பக்கத்தில் கட்டாய லேபல், விளம்பரக் கட்டுப்பாடு, வரி, சர்க்கரை மிக அதிகமுள்ளவற்றுக்குத் தடை. அப்போது என் மாமனாருக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. நம்மவர்களிடையே நீரிழிவு எவ்வளவு அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். நான் அழுத்திச் சொன்னது விளம்பரத்தைப் பற்றித்தான். என் மகன் அப்போது பாலர் பள்ளி. எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் பேருந்து நிறுத்தத்தில் பார்த்த பானத்தைப் பேரங்காடியில் தூரத்திலிருந்தே கைகாட்டுவான். லேபல் எனக்கு உதவும், அவனுக்கு எப்படி உதவும்?

2019 அக்டோபரில் லேபலும், மிக மோசமான தரத்துக்கு விளம்பரத் தடையும் வரும் என்று அறிவித்தார்கள். என்னைப்போல் எழுதியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனாலும் அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. நடைமுறைக்கு வந்தது 2022 டிசம்பர் 30.

காப்பிக்கடை சேகர்:
அக்கா, நான் பானக் கடையில் வேலை பார்க்கிறேன். 2023 டிசம்பர் 30 முதல் கடையிலேயே கலக்கும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் (நீங்கள் சொன்ன, ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் காட்டும் அந்த லேபல்) உண்டு. ஆனால் எங்களைப்போன்ற சின்னக் கடைகளுக்கு விலக்கு. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து கேட்பது பண்டோங், ஐஸ் மைலோ. பண்டோங்கில் ரோஸ் சிரப்பிலும் சர்க்கரை, ஊற்றுகிற கெட்டிப் பாலிலும் சர்க்கரை. ‘சியூ தை’ என்று கேட்டால் குறைத்துப் போடுவோம். பெரியவர்கள் கேட்பார்கள், எட்டு வயதுப் பிள்ளை கேட்குமா? அதனால் சீருடையோடு வருகிற பிள்ளைக்கு நானாகவே குறைத்துத்தான் போடுகிறேன். ஒருவரும் இதுவரை குறை சொன்னதில்லை. முதலாளியிடம் இதையே எல்லாருக்கும் வழக்கமாக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறார்.

தெம்பனிஸ் அப்பா:
மகள் போகும் துணைப்பாட நிலையத்தின் வாசலிலேயே பானம் விற்கும் இயந்திரம். தண்ணீருக்கு வழியில்லை. நிர்வாகத்திடம் கேட்டேன், பதிலில்லை. எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போனேன். புளோக் கீழ்த்தளத்தில் வரிசை எண் வாங்கிக் காத்திருந்தபோது, இதற்கெல்லாமா வந்தாய் என்று நினைப்பார்களோ என்று தயக்கம். வாடகை பாக்கி, வேலை பெர்மிட் என்று பெரிய கவலைகளோடு பலர் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் மனுவைத் தட்டச்சு செய்த தொண்டூழியர் இளம்பெண் கவனமாகக் கேட்டார். “பிள்ளைங்க எத்தனை மணி நேரம் அங்க இருக்காங்க சார்? தண்ணி எங்க கிடைக்கும்?” என்று அவர் கேட்ட கேள்விகளால்தான் என் மனு உருப்படியானது. தனியார் இடம், கட்டாயப்படுத்த முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலோடு இன்னும் சில பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி நிர்வாகத்திடம் போனோம். இப்போது உள்ளே குடிநீர்க் குழாய் இருக்கிறது. இயந்திரமும் இருக்கிறது. அதை எடுக்க வைக்க முடியவில்லை.

ஜூரோங் வெஸ்ட் மணி:
எல்லாருக்கும் ஒரு கேள்வி. பிள்ளைக்கு என்ன வாங்கித் தருவது என்பது வீட்டுப் பொறுப்பு இல்லையா? அதற்கும் சட்டம் வேண்டுமா?

உட்லண்ட்ஸ் அம்மா:
மணி அண்ணே, நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் குளிர்பானம் வாங்குவதில்லை. ஆனால் பிறந்தநாள், திருமண விருந்து, நண்பன் வீடு என்று பிள்ளை போகிற இடமெல்லாம் நான் போக முடியாது. அங்கே அவனைக் காப்பது டின்னுக்குள் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதுதான். ‘டி’ தரம் என்றால் 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல். 330 மில்லி டின் ஒன்றில் ஆறு தேக்கரண்டிக்கும் அதிகம்.

இங்கே விற்கும் டின், பாட்டில் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2017இல் 7.1 விழுக்காடு. 2021இல் ஐந்துக்கும் கீழ். லேபல் கட்டாயமாவதற்கு முன்பே இந்த இறக்கம்! விதி வரப்போகிறது என்று தெரிந்ததும் நிறுவனங்கள் செய்முறையை மாற்றத் தொடங்கிவிட்டன. எந்த வீட்டுக் கண்டிப்பாலும் இது நடந்திருக்காது, அண்ணே. கண்டிக்க ஆளில்லாத பிள்ளைக்கும், இரண்டு வேலை பார்க்கும் தாயின் பிள்ளைக்கும் இது சேர்ந்தே பலன் தருகிறது.

குறை இல்லாமலும் இல்லை. ‘டி’ தரப் பானங்களின் விளம்பரத் தடை விற்பனை இடத்துக்குப் பொருந்தாது. பிள்ளை கையை நீட்டுவதே அங்கேதான். 2027 நடுப்பகுதியில் உடனடி நூடல்ஸ், உப்பு, சாஸ், சமையல் எண்ணெய்க்கும் தர லேபல் வருகிறது. அதற்குள் விற்பனை இட விளம்பரம் பற்றி அரசாங்கம் மக்களிடம் கருத்துக் கேட்கும் ‘ரீச்’ தளம் வழியாக எழுதப்போகிறேன். சேர விரும்புகிறவர்கள், பிள்ளையின் கண் உயரத்தில் எந்த விளம்பரத்தைப் பார்த்தீர்கள், எந்த மாதிரிக் கடை என்று கீழே எழுதுங்கள். கடைப் பெயர் வேண்டாம். சேகர் தம்பி, சின்னக் கடைகளுக்கு எது சாத்தியம் என்பதை நீங்களே ஒரு பத்தி எழுதித் தந்தால் அப்படியே சேர்த்துவிடுகிறேன்.