மறு: கம்சா வெள்ளித் தொங்கல்: ‘ஐவிரலி’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

‘ஹம்சா’ (கம்சா) என்ற கை வடிவ நகையைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று சென்ற வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் நேரம் ஒதுக்கிப் பதில் எழுதியதற்கு நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பொருளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு அங்குலம்கூட இல்லாத வெள்ளிக் கை. நடுவில் மூன்று விரல்கள் நேராக நிற்கின்றன. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கட்டைவிரல் வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது. அதனால் வலக்கையா இடக்கையா என்று சொல்ல முடியாது. உள்ளங்கையில் நீல எனாமலில் ஒரு கண். மேலே கோத்துக்கொள்ள வளையம், பின்பக்கம் 925 என்ற முத்திரை. வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் முஸ்லிம்களும் யூதர்களும் கண்ணேறு படாமலிருக்க அணிவது. நான் தமிழாக்கிக் கொடுக்கும் பழைய நகைப் பட்டியல் ஒன்றில் இது ஒரு பதிவு.

எனக்கு முன்னால் அதைத் தமிழாக்கியவர் ‘ஹம்சா’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ‘அன்னப்பறவைப் பதக்கம்’ என்று எழுதியிருந்தார். படத்தில் கை, கீழே அன்னம். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, தமிழ்க் காதுக்கு ஹம்சம் என்றால் அன்னம்தானே. சரி, கிரந்தம் வேண்டாம் என்று ‘கம்சா’ என்று எழுதினால் கண்ணனின் மாமன் வந்து நிற்கிறான். ஒலிபெயர்ப்பே போதும் என்று எழுதிய நண்பர்களுக்கு என் முதல் பதில் இது.

> ‘பாத்திமாவின் கை’ என்றே உலகம் முழுக்கச் சொல்கிறார்கள், அதையே வைத்துக்கொள்ளலாம்.

அக்கா, அந்தப் பெயர் தப்பில்லை. நபிகளின் மகள் பாத்திமாவின் பெயரால் முஸ்லிம்கள் பலர் இதை அறிவார்கள். ஆனால் யூதர்களிடம் போனால் இதுவே மோசேயின் அக்காள் மிரியாமின் கை. மொராக்கோவில் இந்த வெள்ளி வேலையைச் செய்த பட்டறைக்காரர்களில் யூதர்கள் நிறைய. யூதர் அடித்ததை முஸ்லிம் பெண் வாங்கி அணிந்திருப்பாள், அவளுக்கு அது பாத்திமாவின் கை. ஒரே நகை, செய்தவருக்கு ஒரு பெயர், போட்டவளுக்கு ஒரு பெயர். மூலம் ‘பாத்திமாவின் கை’ என்று எழுதியிருந்தால் நாமும் அப்படியே எழுதுவோம். பொதுச்சொல்லாக ஒரு தரப்பின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

> அபயக்கை, அஞ்சேல் கை என்று நம்மிடமே இருக்கிறதே?

ஐயா சொன்ன இந்தச் சொல்லில் நானும் இரண்டு நாள் மயங்கிக் கிடந்தேன். ஆனால் கை எந்தப் பக்கம் பேசுகிறது என்று பாருங்கள். நம் கோயில் சிலையின் கை, எதிரே நிற்கும் அடியாரைப் பார்த்து ‘அஞ்சாதே’ என்கிறது. இந்த வெள்ளிக் கை அணிந்தவளிடம் எதுவும் சொல்வதில்லை. எதிரே வருகிறவர் கண்ணைப் பார்த்துப் பேசுகிறது. வட ஆப்பிரிக்காவில் ‘கம்சா ஃபீ ஐனெக்’ என்பார்கள், ‘உன் கண்ணில் ஐந்து’ என்று பொருள். ஐந்து விரலையும் விரித்து நீட்டிச் சொல்வது. அது அபயம் தருவதில்லை, விரட்டுகிறது.

எனக்குத் தெளிவு வந்ததும் அந்த வாசகத்தால்தான். அரபியில் கம்சா என்றால் ஐந்து, அவ்வளவே. எபிரேயத்திலும் ஐந்துக்கு ஹமேஷ் என்ற உறவுச்சொல்தான். கை என்ற சொல்லும் அதில் இல்லை, காப்பு என்ற சொல்லும் இல்லை. ஐவேளைத் தொழுகை, யூதர்களின் மறையான தோராவின் ஐந்து நூல்கள் என்றெல்லாம் அவரவர் ஐந்துக்கு விளக்கம் சொல்கிறார்கள். விளக்கம் மாறினாலும் எண் மாறவில்லை. ஸ்பெயினின் கிரனடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டையின் நீதி வாயில், 1348இல் கட்டியது, வெளி வளைவின் உச்சியில் கல்லில் செதுக்கிய விரித்த கை ஒன்றைத் தாங்கி நிற்கிறது. அல்ஜீரியாவின் அரசுச் சின்னத்திலும் இந்தக் கை உண்டு. எங்கே பார்த்தாலும் கண்ணில் படுவது ஐந்து விரல்.

அப்படியிருக்க நாம் மட்டும் காவல், அருள், அபயம் எல்லாவற்றையும் ஏன் சொல்லுக்குள் திணிக்க வேண்டும்? நாற்காலி என்ற சொல் ‘உட்கார’ என்று சொல்வதில்லை. நான்கு கால் என்று மட்டும் சொல்கிறது, யாரும் தடுமாறியதில்லை. அந்த வழியில் ஐவிரலி என்று முன்வைக்கிறேன்.

‘கைக்காப்பு’ ஏன் வேண்டாம் என்று ஒருவர் கேட்டார். அதைப் படித்தவுடன் எல்லாருக்கும் கையில் போடும் காப்புதான் நினைவுக்கு வரும். ‘காப்புக்கை’ என்று திருப்பிப் போட்டாலும் காப்பு போட்ட கை என்றே தோன்றுகிறது.

ஐம்படையைச் சொன்னவருக்குத் தனியாக நன்றி. புறநானூறு 77இல் பாண்டியன் நெடுஞ்செழியனை ‘தாலி களைந்தன்றும் இலனே’ என்று இடைக்குன்றூர் கிழார் பாடுகிறாரே, அந்தத் தாலி ஐம்படைத் தாலி என்பது உரை. குழந்தைக்குக் காவலாகக் கழுத்தில் கட்டுவது, அதிலும் ஐந்து. படிக்கும்போது சிலிர்க்கத்தான் செய்தது. ஆனால் அந்த ஐந்தும் திருமாலின் சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில். அடிக்குறிப்பில் ஒப்பிடலாம், பெயரைக் கடன் வாங்கக் கூடாது.

‘பஞ்சா’ பற்றித்தான் அதிகம் யோசித்தேன். பாரசீகத்தில் பஞ்ச் என்றால் ஐந்து, பஞ்சா விரித்த கை. முகர்ரத்தின்போது நம் ஊர்களிலும் உலோகக் கையைக் கம்பில் ஏந்தி எடுத்து வருகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் காசவளநாடு புதூரில் இந்துக்களே அல்லா சாமி என்று வணங்கி அதைத் தூக்குகிறார்கள். பொருத்தமான சொல்தான். ஆனாலும் நேர்ந்துகொண்டு தோளில் சுமக்கும் ஒன்றின் பெயரைக் கைச்சங்கிலியில் ஆடும் நகைக்கு வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பஞ்சா பஞ்சாவாகவே இருக்கட்டும்.

ஐவிரலிக்கு ஒரு தடையும் உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். ஐவிரற்கோவை என்று வேலியில் படரும் கொடி ஒன்று இருக்கிறது, இலை ஐந்து பிளவாக விரியும். மூலிகைப் பக்கம் புழங்குகிறவர்கள் ஒரு கணம் அதை நினைக்கலாம். நகைப் பட்டியலில் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

அப்புறம் மற்ற சொற்கள். கைச்சங்கிலியில் தொங்கும் சிறு உருவத்துக்குத் ‘தொங்கல்’ போதும்: ஐவிரலித் தொங்கல். கழுத்துச் சங்கிலியில் கோத்தால் கடைக்காரரும் வாங்குகிறவரும் டாலர் என்றுதான் சொல்வார்கள், ‘ஐவிரலி டாலர்’ என்று எழுத நான் கூச்சப்பட மாட்டேன். டாலர் என்ற சொல் பிறந்ததே தாலர் என்ற வெள்ளி நாணயத்தின் பெயரிலிருந்து. அந்த நாணய வகையைச் சேர்ந்த, 1780 என்ற ஆண்டு பொறித்த மரியா தெரசா தாலரை ஏமன் நாட்டு வெள்ளிப் பட்டறைகளில் உருக்கி நகை செய்தார்கள்.

அந்த நாணயத்தில் வெள்ளி 83.3 விழுக்காடுதான். ஸ்டெர்லிங் எனப்படும் கலப்பு வெள்ளியில் 92.5 (925 முத்திரை சொல்வது அதைத்தான்), மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மென்மையானது, மெல்லிய விரல்கள் வளைந்துவிடும் என்பதற்காகக் கலப்பது. ஆகவே ‘தூய வெள்ளி’ என்று மொழிபெயர்ப்பது பிழை. பழைய வெள்ளியை எல்லாம் ஸ்டெர்லிங் என்பதும் பிழை. கடைகளில் ‘92.5 வெள்ளி’ என்கிறார்கள், அதைவிட நல்ல சொல் தேட வேண்டியதில்லை. மூலத்தில் வரும் ‘விண்டேஜ்’ (vintage) என்ற சொல்லுக்கு ‘பழைய’ என்றே எழுதப் போகிறேன். ‘தொன்மையான’ என்றால் நூறாண்டுக்கு மேற்பட்டது என்று வாங்குகிறவர் நினைத்துவிடுவார்.

பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

“பழைய ஐவிரலித் தொங்கல். 92.5 வெள்ளி, உள்ளங்கையில் நீல எனாமல் கண். வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் கண்ணேறு படாமலிருக்க அணிவது. பாத்திமாவின் கை, மிரியாமின் கை என்றும் வழங்கும். பின்புறம் 925 முத்திரை. ஓரங்களில் வெள்ளி கறுத்திருக்கிறது.”

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. விரல்கள் கீழ்நோக்கித் தொங்கும் ஐவிரலிகளும் பட்டியலில் நான்கு இருக்கின்றன. ‘தலைகீழ்’ என்றால் தவறாகச் செய்துவிட்டதுபோல் ஒலிக்கிறது. ‘கீழ்நோக்கு ஐவிரலி’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது இதைவிட இயல்பாக ஒன்று சொன்னால் அதையே போட்டுவிடுகிறேன்.