இதய நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடி, மகள்:

அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இதயச் செயலிழப்பு. எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தபோது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் 30 சதவீதம் என்று வந்தது. நல்ல இதயத்துக்கு 55-க்குக் குறையாமல் இருக்கும். அண்ணன்கள் இருவரும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். எனக்கு இதே ஊரில் வேறு தெருவில் வீடு. அப்பச்சியோடு தங்கிப் பார்த்துக்கொள்பவர் பள்ளத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது எல்லா விவரத்தையும் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அண்ணனிடம் சொன்னார்கள். அண்ணன் மறுநாள் விமானம் ஏறுகிறவர். மாத்திரை எடுத்துக் கொடுக்கப்போகிறவர் இந்த அம்மா, அவருக்கும் ஒருமுறை சொல்லுங்கள் என்று செவிலியரிடம் கேட்டேன். அந்தப் பெண் நல்ல மனதோடு உட்கார்ந்து, எந்த மாத்திரை எதற்கு என்று தமிழில் எழுதியே கொடுத்தார். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காப்பிக்கு முன்னால் எடை பார்க்க வேண்டும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை அல்ல, உடம்பில் தேங்குகிற நீர். அந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிற நீர் மாத்திரையைக் காலையில் கொடுக்க வேண்டும், சாயங்காலம் கொடுத்தால் ராத்திரித் தூக்கம் போய்விடும். இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு.

மார்கழியில் ஒருநாள் காலையில் அந்த அம்மா போன் செய்தார். "ஆச்சி, எடை ஏறிக்கொண்டே வருகிறது. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டி ஐயாவுக்கு இரண்டு தலையணை போதவில்லை, மூன்றாவது கேட்டார். கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது." சற்று முன்புதான் பெரிய அண்ணன் அப்பச்சியிடம் பேசிவிட்டு, குரல் கணீரென்று இருக்கிறது என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். குரலில் ஒன்றும் தெரியாது. மருத்துவரை அழைத்தோம். நீர் மாத்திரையின் அளவைக் கூட்டினார், சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். எடை இறங்கியது, மூச்சும் சீரானது. ஆஸ்பத்திரியில் சேர்க்காமலே தேறிவிட்டார்.

மருத்துவருக்கு நன்றி சொல்ல அண்ணன் அங்கிருந்து பழக்கூடை அனுப்பினார். கண்டுபிடித்தது அந்த அம்மா. அவருக்குச் சம்பளத்தைக் கூட்ட வேண்டும், வாரத்தில் ஒருநாள் விடுப்பும் தர வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அந்த ஒருநாள் நான் போய் அப்பச்சியோடு தங்கிக்கொள்கிறேன். ஓய்வில்லாத கண்ணுக்கு வீக்கம் தெரியாது.

தேவகோட்டை, மருமகள்:

எங்கள் வீட்டில் போராட்டமெல்லாம் உப்போடுதான். உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஒரு சிறு தேக்கரண்டி, அவ்வளவுதான். நம் ஊர்ச் சமையலில் குழம்பில் போடுகிற உப்பு கண்ணுக்குத் தெரிகிறது. வற்றல், வடகம், அப்பளம், ஊறுகாய், உப்புக்கண்டம் வழியாக வருவது கணக்கிலேயே வராது. மாமியாருக்கு மோர்மிளகாய் இல்லாமல் தயிர்சோறு இறங்காது. அவருக்குத் தனிச் சமையல் செய்தால் தட்டைப் பார்த்தே மனம் வாடிவிடுவார். எனவே வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பு, உப்புக் குறைத்து. மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், இறக்கும்போது எலுமிச்சை. புளிப்பும் காரமும் தூக்கலாக இருந்தால் நாக்கு பழகிக்கொள்கிறது. விசேஷ வீடுகளிலிருந்து தேன்குழலும் சீயமும் டப்பா டப்பாவாக வரும். யாரையும் குறை சொல்ல முடியாது, அன்பினால் கொடுப்பது. பேரப்பிள்ளைகளுக்குப் போய்விடும்.

இரண்டு விஷயங்களைத் தயவுசெய்து எல்லோரும் கவனியுங்கள். இந்துப்பு நல்லது என்று உறவினர்கள் வாங்கி வருகிறார்கள். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பொட்டாசியத்தை உடம்பில் தேக்குகிற ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அது ஆபத்து, மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இன்னொன்று மூட்டு வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகைகள் உடம்பில் நீரைத் தேக்கிவிடும். பக்கத்து வீட்டு ஆச்சி தன் கால்வலி மாத்திரையில் இரண்டை மாமியாருக்குக் கொடுக்க வந்தபோது வாசலிலேயே கைகூப்பித் தடுத்தேன். அவருக்கு வருத்தம்தான், பிறகு புரிந்துகொண்டார்.

கானாடுகாத்தான், வீட்டுப் பராமரிப்புப் பணி செய்பவர்:

மேலே காரைக்குடி அக்கா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. நான் போகிற வீடுகளில் நோயைப் பற்றி என்னிடம் பேசுவது அபூர்வம். மருத்துவரோடு வீடியோவில் பேசும்போது என்னை அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள். ராத்திரி எத்தனை முறை எழுந்தார், எத்தனை படியில் மூச்சு வாங்கினார் என்பது எனக்குத்தானே தெரியும்?

ஒரு வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சியைப் பார்த்துக்கொண்டேன். முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாங்கட்டு என்று நீண்டு போகிற வீடு. கழிவறை கடைசிக் கட்டில். நீர் மாத்திரை சாப்பிட்டவர் எத்தனை நிலைப்படி தாண்டி அங்கே ஓடுவது? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தக் கசிவு எளிதில் நிற்காது. கட்டிலை வளவை ஒட்டிய அறைக்கு மாற்றி, பக்கத்திலேயே கழிப்பிட நாற்காலி போட்டேன். வீட்டின் நடுவில் அதை வைப்பதா என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். ஆச்சி, "விழுந்து கிடந்தால் தூக்க நீங்களா வருவீர்கள்?" என்று கேட்டுவிட்டார்.

ரத்த அழுத்த மாத்திரைக்கு அலைகிறவர்களுக்கு ஒரு தகவல். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

புதுவயல், மகன்:

ஐயாவுக்கு ஸ்டென்ட், அதாவது இதய ரத்தக் குழாய் அடைக்காமலிருக்க வைக்கும் சிறு வலைக்குழாய், வைத்திருக்கிறது. நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்று மருத்துவர் சொன்னதை எழுதுகிறேன். முதலில் உட்காரவைத்து அவருக்கு எழுதித் தந்த சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். 5 நிமிடத்தில் வலி விடவில்லை என்றால் 108. வாயு என்று சொல்லிக்கொண்டு ஓமத்தண்ணீர் வைத்துக் காத்திருக்கக் கூடாது. மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை இப்போது கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள், 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டம் அது. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் பல் பிடுங்குவதற்காகக்கூடத் தாமாக நிறுத்தக் கூடாது.

நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. ஆம்புலன்ஸ் எந்த வாசலுக்கு வர வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். எங்களுக்குப் பின்வாசல்தான். அங்கே வண்டி திரும்ப இடம் இருக்கிறது, ஸ்ட்ரெச்சருக்குப் படியும் குறைவு. அந்தக் கதவின் சாவி, மருந்துப் பட்டியல், கடைசி ஈசிஜி மூன்றும் ஒரே பையில் இருக்கின்றன. வண்டியில் கூட ஏறப்போவது நானோ தம்பியோ அல்ல, வேலைக்கு இருந்து ஐயாவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். டாக்டர் கேட்கிற கேள்விகளுக்கு அவரிடம்தான் பதில் இருக்கிறது.